பேஸ்மேக்கரை முழுக்க நம்பியிருப்பவர்களும் தானியங்கி அமைப்புகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் பேஸ்மேக்கர் பரிசோதனை அறையில் வேலை செய்கிறேன். நான் மருத்துவர் இல்லை. கருவிக்குள் பதிவாகியிருப்பதைப் படித்து மருத்துவரிடம் கொடுக்கும் டெக்னீஷியன். வருகிறவர்கள் நர்சைக் கூப்பிடுவதுபோல் என்னையும் "மிஸி" என்றுதான் கூப்பிடுவார்கள். செந்தூல், ரவாங், கிள்ளான் என்று பல இடங்களிலிருந்து வரும் தமிழ்க் குடும்பங்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் கருவியில் எதை மாற்றுவதென்றாலும் அதை உங்களைப் பார்க்கும் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அப்பா பேஸ்மேக்கரையே நம்பியிருக்கிறார் என்று டாக்டர் சொன்னார். பேஸ்மேக்கர் வைத்த எல்லாரும் அப்படித்தானே?

இல்லை. பலருக்கு இதயம் தன்பாட்டில் துடித்துக்கொண்டிருக்கும். அது தயங்கும் நேரத்தில் மட்டும் கருவி கைகொடுக்கும். நாள் முழுவதும் சேர்த்து நூற்றில் ஐந்து துடிப்புகூடக் கருவியுடையதாக இருக்காதவர்கள் உண்டு. ஆனால் மேலறையிலிருந்து கீழறைக்குப் போகும் மின்வழி முழுவதுமாக அடைபட்டவர்களுக்கும், வேறொரு சிகிச்சைக்காக அந்த வழியை வேண்டுமென்றே சுட்டு நிறுத்தியவர்களுக்கும் கதை வேறு. கருவி நின்றால் அவர்களுக்கு அடுத்த துடிப்பு வருமா என்பதற்கு உத்தரவாதமில்லை.

இதைக் கண்டுபிடிக்கும் சோதனை எளியது. கட்டிலில் படுக்க வைத்து, கருவியின் வேகத்தை நிமிடத்துக்கு 60, 50, 40, 30 துடிப்பு என்று மெல்ல இறக்கிக்கொண்டே வருவோம். ஒரு கண் திரையில், ஒரு கை அவருடைய மணிக்கட்டில். இதயம் தானாக எழுந்து வந்தால் திரையில் அதன் சொந்தக் கோடு தெரியும். சிலருக்கு 40 தாண்டும்போதே முகம் வெளிறும், "மிஸி, கண்ணைக் கட்டுது" என்பார்கள். அந்த நொடியே பழைய வேகத்துக்குத் திருப்பிவிடுவோம். 30 வரை இறக்கியும் சொந்தத் துடிப்பு வரவில்லையென்றால் கோப்பில் "சார்ந்திருப்பவர்" என்று எழுதுகிறோம்.

இது ஒருமுறை எழுதினால் மாறாத விஷயம் கிடையாது. போன வருடம் 45 துடிப்பு சொந்தமாக வைத்திருந்தவருக்கு இந்த வருடம் ஒன்றுமே இல்லாமல் போகலாம். அதனால்தான் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறோம்.

தானாக எல்லாம் செய்கிற கருவி நல்லதுதானே? அதில் என்ன ஆபத்து?

பெரும்பாலும் நல்லதுதான். ஆனால் அந்தத் தானியங்கி வேலைகள் எதற்காக வந்தன என்று யோசித்துப் பாருங்கள். ஒன்று, பேட்டரியை மிச்சம் பிடிக்க. இரண்டு, இதயத்தின் சொந்தத் துடிப்புக்கு வழிவிட. இரண்டுக்குமே கருவி அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிப்பதென்றால் மின்சாரத்தைக் குறைத்துப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஒரு துடிப்பைக் கொடுக்காமல் காத்திருந்து பார்க்க வேண்டும். சொந்தத் துடிப்பு உள்ளவருக்கு அந்தக் காத்திருப்பு தெரியவே தெரியாது. சொந்தத் துடிப்பே இல்லாதவருக்கு அது வெறும் இடைவெளி. ஆதாயம் அவருக்குக் கொஞ்சம்தான், கணக்குத் தப்பினால் இழப்போ மிகப் பெரியது. ஆகவே ஒவ்வொரு அமைப்பையும் அவருக்கென்று தனியாக யோசித்துத்தான் வைக்க வேண்டும், பெட்டியிலிருந்து வந்தபடி விட்டுவிடக் கூடாது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

நள்ளிரவில் கருவி தானாகச் சோதனை நடத்துகிறதாமே?

பல கருவிகளில் உண்டு. இதயத்தைத் துடிக்கவைக்கக் குறைந்தபட்சம் எத்தனை வோல்ட் வேண்டும் என்பதைத் "திரெஷோல்டு" என்கிறோம். ஒருவருக்கு அது 0.75 வோல்ட் என்று வையுங்கள். கையால் அமைக்கும்போது அதைப்போல் இரண்டு மடங்காவது கொடுத்து வைப்பது பழைய வழக்கம். சார்ந்திருப்பவருக்கு இன்னும் கூடுதலாகவே வைப்பார்கள். கருவியே இதைப் பார்த்துக்கொண்டால் வீணாகும் மின்சாரம் குறையும், பேட்டரி சில வருடம் கூடுதலாக வரும்.

சில கருவிகள் நீங்கள் தூங்கும் நேரத்தில், தினம் ஒரு தடவை, வோல்ட்டைப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்கின்றன. ஒவ்வொரு சோதனைத் தூண்டலுக்குப் பின்னாலும் சட்டென்று ஒரு பலமான காப்புத் தூண்டலும் போகும், துடிப்பு தவறாதிருக்க. வேறு சில கருவிகள் ஒவ்வொரு துடிப்பையும் கவனிக்கும். திரெஷோல்டுக்கு மேல் வெறும் கால் வோல்ட் மட்டும் வைத்து ஓட்டும். இதயம் பதில் சொல்லவில்லை என்று கண்டால் 100 மில்லி விநாடி அளவிலேயே 5 வோல்ட்டில் காப்புத் தூண்டல் கொடுக்கும். நல்ல ஏற்பாடு.

சிக்கல் எங்கே என்றால், இதயம் பதில் சொன்னதா என்று கருவி எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதில். தூண்டலுக்குப் பின், பெட்டியிலிருந்து இதயத்துக்குள் போகும் கம்பியின் நுனியில் வரும் சிறு மின் அலையை அது பார்க்கிறது. ஆனால் தூண்டல் போன கம்பி நுனியிலேயே கொஞ்சம் மின்னேற்றம் தேங்கி நிற்கும். சில பழைய கம்பிகளில் இது அதிகம். கருவி அந்தத் தேக்கத்தையே இதயத்தின் பதில் என்று எடுத்துக்கொண்டால் காப்புத் தூண்டல் போகாது. திரையில் எல்லாம் சரி என்றிருக்கும், நாடியில் துடிப்பு இருக்காது. அதனால்தான் இந்த அமைப்பைப் போடும் முன் கம்பி அதற்கு ஏற்றதா என்று ஒரு சோதனை செய்கிறோம். புதிய பெட்டியைப் பழைய கம்பியில் மாட்டும்போது இதை மறந்துவிடக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. தினம் ஒரு தடவை பார்க்கும் கருவிக்கு நடுவில் நடப்பது தெரியாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும்போது திரெஷோல்டும் ஏறும். ஃப்ளெகைனைடு போன்ற சில மாத்திரைகளும் ஏற்றும். கம்பி நகர்ந்தாலும் ஏறும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் சார்ந்திருப்பவராகவும் இருந்தால், கருவி கணக்குப் போட்டு வைத்த குறைந்த அளவை நம்பாமல் தாராளமான ஒரு தரை அளவை (அதற்குக் கீழே கருவி இறங்காது) கையால் பூட்டி வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அம்மாவுக்கு அவ்வப்போது "படி தவறின மாதிரி" இருக்கிறது. ஈ.சி.ஜி. எடுத்தால் ஒன்றுமில்லை என்கிறார்கள்.

இந்தக் கேள்வியோடு ஒரு தங்கை வந்திருந்தாள். அம்மாவுக்கு 70 தாண்டிய வயது. அந்தப் பெண் சமையலறை நாட்காட்டியில், நல்ல நேரம் ராகுகாலம் அச்சடித்திருக்கும் கட்டங்களுக்குப் பக்கத்திலேயே, அம்மா சொன்ன நேரத்தையெல்லாம் பென்சிலால் குறித்து வைத்திருந்தாள். திங்கள் காலை 6, திங்கள் இரவு 10, செவ்வாய் பகல் 2, புதன் காலை 6. ஒன்றிரண்டு விட்டுப்போயிருந்தது, தூக்கத்தில் அம்மாவுக்குத் தெரிந்திருக்காது. ஆனால் இருந்தவற்றை எண்ணிப் பார்த்தால் இடைவெளி 16 மணி நேரம்.

அதைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கீழறைத் தூண்டலைக் குறைக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது. அது முதலில் மேலறையை மட்டும் தூண்டிவிட்டு, கீழறை தானாகத் துடிக்கட்டும் என்று விடும். வழி அடைபட்டிருந்தால் இரண்டு அறையையும் தூண்டும் முறைக்கு மாறும். அதோடு நிற்காது. வழி திறந்துவிட்டதா என்று 1 நிமிடம் கழித்து ஒரு துடிப்பை விட்டுப் பார்க்கும். பிறகு 2 நிமிடம், 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போய், கடைசியில் 16 மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று நிற்கும். வழி நிரந்தரமாக அடைபட்டவருக்கு ஒவ்வொரு தடவையும் பதில் ஒன்றுதான், ஒரு துடிப்பு போச்சு. நிமிடத்துக்கு 60 என்று ஓடும் இதயத்தில் அந்த இடைவெளி ஏறக்குறைய 2 விநாடி. சில விநாடி மட்டும் எடுக்கும் ஈ.சி.ஜி.யில் இது எப்படிச் சிக்கும்?

அந்த அம்மாவுக்குக் கருவி வைத்தபோது அடைப்பு வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. அன்றைக்கு அந்த அமைப்பு சரியானதுதான். பின்னால் அடைப்பு நிரந்தரமாகிவிட்டது, அமைப்பை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மருத்துவர் அதை நிறுத்தச் சொன்னார். நான் நிறுத்தினேன். நாட்காட்டியில் பென்சில் குறியும் நின்றுபோனது.

பெரும்பாலோர்க்கு இது ஒரு தடுமாற்றத்தோடு போய்விடும். ஆனால் ஒரு நீண்ட இடைவெளிக்குப் பின் உடனே வரும் கூடுதல் துடிப்பு, சிலருக்குக் கீழறையின் வேகமான தாறுமாறு ஓட்டத்தைக் கிளப்பிவிட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. பொட்டாசியம் குறைந்திருப்பவர்களும், ஈ.சி.ஜி.யில் "கியூடி" (கீழறை துடித்து ஓய்வுக்குத் திரும்ப எடுக்கும் நேரம்) நீண்டிருப்பவர்களும் இதில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும்.

கீழறையை அதிகம் தூண்டினால் இதயம் பலவீனமாகும் என்று படித்தேனே? அந்த அமைப்பை நிறுத்தினால் கெடுதல் இல்லையா?

படித்தது உண்மைதான். 2002இல் வெளிவந்த டேவிட் ஆய்வு, தேவையில்லாமல் வலது கீழறையைத் தூண்டிக்கொண்டே இருந்தால் இதயத்தின் பம்ப் வேலை பலவீனமானவர்களுக்கு நிலைமை மோசமாகிறது என்று காட்டியது. தூண்டலைக் குறைக்கும் அமைப்புகளுக்கு ஊக்கம் வந்தது அந்தக் காலத்து ஆய்வுகளால்தான். ஆனால் "தேவையில்லாமல்" என்ற சொல்லைக் கவனியுங்கள். முழு அடைப்பு உள்ளவருக்கு ஒவ்வொரு துடிப்பும் தேவையானது. அங்கே குறைப்பதற்கு ஒன்றுமில்லை. அவருடைய பம்ப் பலவீனமாகிறதா என்பதை எக்கோ எடுத்துப் பார்த்துக்கொண்டு, இறங்கினால் இரண்டு கீழறையையும் சேர்த்துத் தூண்டும் கருவிக்கோ, இதயத்தின் சொந்த மின்வழியிலேயே கம்பியைப் பொருத்தும் முறைக்கோ போவதுதான் மருந்து.

பத்துமலைப் படி ஏறலாமா? ஏறும்போது கருவி தானாக வேகம் கூட்டுமாமே?

டாக்டர் நடக்க அனுமதித்திருந்தால் 272 படியையும் நிதானமாக ஏறலாம். வேகம் கூடுவது எப்படி என்பது உங்கள் கோளாறைப் பொறுத்தது. மேலறை நன்றாக இருந்து வழி மட்டும் அடைபட்டவருக்கு, மேலறை வேகமெடுக்க, கருவி அதைப் பின்தொடரும். சென்சார் தேவையே இல்லை. மேலறையும் சோம்பலாக இருப்பவருக்குத்தான் சென்சார்.

உடல் அசைவைப் பார்க்கும் சென்சார் ஒரு வகை. அதில் ஒரு விசித்திரம். ஏறும்போது மெதுவாகக் கால் வைப்பதால் அசைவு குறைவு, இறங்கும்போது தடதடவென்று அதிர்வதால் வேகம் கூடும். மூச்சு வாங்கும் நேரத்தில் இதயம் மெதுவாகவும் இறங்கி வரும்போது படபடவென்றும் இருந்தால் பயப்படாமல் அடுத்த பரிசோதனையில் சொல்லுங்கள். சரிசெய்யக்கூடியதுதான்.

இன்னொரு வகை மூச்சை அளக்கும். நெஞ்சுக்குள் மிகச் சிறிய மின்னோட்டத்தை விட்டு, மூச்சுக்கு ஏற்ப மாறும் மின்தடையைப் பார்க்கும். எனக்குக் கவலை தருவது இதுதான். கம்பி பெட்டியோடு சேரும் இடத்தில் தொடர்பு கொஞ்சம் தளர்ந்தாலும், கருவி தானே விட்ட அந்தச் சிறு மின்னோட்டம் அதன் காதிலேயே இரைச்சலாக விழலாம். அதை இதயத் துடிப்பு என்று நினைத்துக் கருவி தூண்டலை நிறுத்திவிடும். மயங்கி விழும் வரை போகலாம். 2017 டிசம்பரில் பாஸ்டன் சயன்டிஃபிக் நிறுவனம் தன் பேஸ்மேக்கர்கள் பற்றி மருத்துவர்களுக்கு இதைத்தான் எழுதியது. மூச்சு சென்சாரை நிறுத்திவிடுவதே வழி என்றது, பிறகு மென்பொருளிலும் திருத்தம் வந்தது. சார்ந்திருப்பவர் ஒருவருக்கு மூச்சு சென்சார் ஓடிக்கொண்டிருந்தால், அது ஏன் வேண்டும் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

மூச்சு சென்சார் உள்ளவர் வேறு காரணத்துக்காக வார்டில் படுத்திருக்கும்போது, நெஞ்சில் ஒட்டும் மானிட்டர் சில நேரம் சென்சாரைக் குழப்பி இதயத்தை விறுவிறுவென்று ஓடவைக்கும். மானிட்டரைக் கழற்றினால் அடங்கிவிடும். இதை வார்டு மிஸியிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள்.

பேஸ்மேக்கர் ரீகால் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி. நமக்கும் பொருந்துமா?

கருவி வைத்தபோது கொடுத்த அட்டையில் உள்ள மாடல் பெயரையும் எண்ணையும் பார்த்தால்தான் தெரியும். கம்பெனிப் பெயரை மட்டும் பார்த்துப் பதறாதீர்கள். 2019 ஜனவரியில் மெட்ரானிக் உலக அளவில் ஏறக்குறைய 1,57,000 இரட்டை அறைக் கருவிகளை, அதாவது மேலறை, கீழறை இரண்டிலும் வேலை செய்பவற்றைப் பற்றி அறிவித்தது. அதில் ஒரு சிப்பின் குறையால், மேலறையைக் கவனிக்கும் முறையில் ஓடும்போது தூண்டல் நின்றுபோக வாய்ப்பிருந்தது. அப்போதுகூட எல்லாருக்கும் கருவியை எடுக்கச் சொல்லவில்லை. பாதிப்பில்லாத வேறொரு முறைக்கு மாற்றி வைக்கச் சொன்னார்கள், பின்னால் மென்பொருள் வந்தது. மலேசியாவில் 2012ஆம் ஆண்டின் மருத்துவக் கருவிச் சட்டத்தின்கீழ் இவை கண்காணிக்கப்படுகின்றன. வீடு மாறினாலோ போன் எண் மாறினாலோ கிளினிக்கில் சொல்லிவிடுங்கள். அறிவிப்பு வந்து நாங்கள் கூப்பிடும்போது "எண் உபயோகத்தில் இல்லை" என்று வருவதைப் போல மனசு சோர்ந்துபோகும் விஷயம் வேறில்லை.

பேட்டரி தீரும்போது கருவி தானாக மாறிக்கொள்ளுமா?

மாறிக்கொள்ளும், சில சமயம் நமக்குப் பிடிக்காத மாதிரி. மாற்ற வேண்டிய காலம் வந்ததும் சில மாடல்கள் இரட்டை அறை வேலையை விட்டுவிட்டு, கீழறையை மட்டும் நிமிடத்துக்கு 65 என்று தூண்டும். சோர்வும் கழுத்தில் துடிப்பும் தெரியலாம். அது ஆபத்தில்லை, அழைப்பு மணி.

இதைவிடக் கவனிக்க வேண்டியது, உள்ளே கோளாறு கண்டால் சில கருவிகள் போகும் "பாதுகாப்பு முறை". பாஸ்டன் சயன்டிஃபிக் கருவிகளில் அது நிமிடத்துக்கு 72.5 என்ற வேகத்தில், கீழறையை மட்டும், ஒற்றை முனை முறையில் தூண்டும். ஒற்றை முனை என்றால் கருவியின் காது அகலமாகத் திறந்திருக்கும். கையை ஊன்றி எழும்போது நெஞ்சுத் தசை எழுப்பும் மின்னலையையும் துடிப்பு என்று எண்ணி, தூண்டலை நிறுத்திவிடக்கூடும். சொந்தத் துடிப்பு உள்ளவருக்கு அது பாதுகாப்பு, இல்லாதவருக்கு அதுவே ஆபத்து. 2024 டிசம்பரிலும் இது பற்றி எச்சரிக்கை வந்தது. சார்ந்திருப்பவருக்கு அந்த எச்சரிக்கையில் உள்ள மாடல் இருந்தால் பேட்டரி கடைசிச் சொட்டு வரை போகட்டும் என்று காத்திருக்க வேண்டுமா என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

செல்போன், இண்டக்ஷன் அடுப்பு?

செல்போனைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள், 15 செ.மீ. தள்ளியிருந்தால் போதும். காந்தம் உள்ள புதிய போன்களுக்கு இது இன்னும் முக்கியம். இண்டக்ஷன் அடுப்புக்கு 60 செ.மீ. வெல்டிங் பட்டறையில் வேலை செய்பவர் மட்டும் தனியாக வந்து பேசுங்கள்.

வேறு மருத்துவமனையில் ஆபரேஷன் என்றால்?

முன்னாலேயே கருவியைப் பரிசோதித்து, அறுவைக் கத்தியின் மின்சாரம் குழப்பாதபடி, எதையும் கேட்காமல் தொடர்ந்து தூண்டும் முறைக்கு மாற்ற வேண்டியிருக்கலாம். பல பேஸ்மேக்கர்களில் மேலே காந்தம் வைத்தாலும் அந்த முறைக்குப் போகும். ஆனால் ஷாக் கொடுக்கும் கருவி, அதாவது ஐ.சி.டி. வைத்தவருக்கு அப்படி இல்லை. காந்தம் ஷாக்கை மட்டும்தான் நிறுத்தும், தூண்டும் முறையை மாற்றாது. சார்ந்திருக்கும் ஐ.சி.டி. நோயாளிக்குக் காந்தம் போதும் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து கருவி கிளினிக்கைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஆபரேஷனோ எம்.ஆர்.ஐ.யோ முடிந்ததும் அமைப்பைப் பழையபடி திருப்பாமல் வீட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.

அப்படியானால் எல்லாத் தானியங்கி அமைப்பையும் நிறுத்திவிடச் சொல்லலாமா?

வேண்டாம். தினமும் திரெஷோல்டைப் பார்க்கும் கருவி அது ஏறுவதை நமக்கு முன்பே பிடித்து, வோல்ட்டைத் தானே உயர்த்திவிடும். வருடத்துக்கு இரண்டு முறை பார்க்கும் என் கண்ணைவிட அது விழிப்பு. பல கருவிகளில் "அளந்து மட்டும் வை, குறைக்காதே" என்று வைக்கவும் முடியும். சார்ந்திருப்பவர்களுக்கு எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அதுதான். வீட்டிலிருந்தே தகவல் அனுப்பும் பெட்டி கொடுத்தால் மறுக்காமல் வாங்கிக் கட்டில் பக்கத்தில் செருகி வையுங்கள். இரவில் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு பெரும்பாலோர்க்குத் தொந்தரவில்லை.

எப்போது உடனே ஓட வேண்டும்?

மயங்கி விழுந்தால், விழப்போவது போல் கண் இருண்டால், 999ஐக் கூப்பிட்டு ஆம்புலன்ஸ் கேளுங்கள். திங்கட்கிழமை அப்பாயிண்ட்மெண்ட் இருக்கிறதே என்று காத்திருக்காதீர்கள். கருவி வைத்த புதிதில் விடாத விக்கல், வயிறு துடிதுடிப்பு என்றால் கம்பி நகர்ந்திருக்கலாம், அன்றைக்கே வாருங்கள். லேசான தடுமாற்றம் என்றால் அந்தத் தங்கையைப் போல நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பரிசோதனைக்கு வரும்போது என்ன கேட்பது?

அப்பா இன்றைக்குச் சார்ந்திருப்பவரா, 30க்கு இறக்கியபோது என்ன தெரிந்தது என்று கேளுங்கள். துடிப்பை விட்டுப் பார்க்கும் அமைப்பு ஏதாவது ஓடுகிறதா, மூச்சு சென்சார் ஓடுகிறதா, வோல்ட்டுக்குத் தரை அளவு எவ்வளவு என்று கேளுங்கள். கூட்டம் அதிகமான நாளில் எங்களுக்கு அவசரம் இருக்கும், இருந்தாலும் கேளுங்கள். கடைசியில் அமைப்புகள் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கி, மடித்து, மைகார்டோடும் (அடையாள அட்டை) கருவி அட்டையோடும் ஒரே உறையில் வையுங்கள். கருவி அட்டையின் பின்பக்கம் "பெர்கந்துங் படா பெரெந்தாக் ஜந்துங்" என்று மலாயில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேஸ்மேக்கரைச் சார்ந்திருப்பவர் என்று பொருள். ஆம்புலன்ஸில் வருகிறவர் முதலில் படிப்பது அந்த வரியாகத்தான் இருக்கும்.